கடிநாய்க்கு மூன்று பெயர்

போன வாரம் தன் அண்ணன் வீட்டு விருந்துக்குப் போன அத்தை, அங்கே முழுசாகச் சாப்பிடவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்தவள், கை கழுவி, செருப்பை மாட்டிக்கொண்டு, "என் கடையை மூடப்போறோம்னு சொல்றதுக்குத்தான் இத்தனை உபசாரமா?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனாள். அண்ணன் தடுக்கவில்லை. தம்பி தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அண்ணனின் மருமகள் மட்டும் தெருமுனை வரை பின்னாலேயே ஓடி வந்தாள். மூச்சு வாங்க நின்றாள். பிறகு திரும்பிப் போனாள்.

கோபம் இருந்தாலும் கடையைத் திறக்காமல் இருக்க முடியுமா? இன்று காலையும் அத்தை வழக்கம்போல ஷட்டரைத் தூக்கினாள்.

ஆஸ்பத்திரி வாசலில், பஸ் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே இருக்கிறது அந்தக் கடை. குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு பட்டறையும் மூன்று செருப்புக் கடைகளும் உண்டு. கடைவீதியில் இருக்கும் பெரிய கடையை அண்ணன் பார்க்கிறார். ஸ்டேஷன் எதிரே இருப்பது தம்பியின் பொறுப்பு. பட்டறை அண்ணன் மகனிடம். மூன்றிலும் சிறியது அத்தையுடையது. நாலு பேர் சேர்ந்தாற்போல் உள்ளே வந்துவிட்டால் ஐந்தாவது ஆள் வாசலில் நின்று காலை நீட்ட வேண்டியதுதான்.

இந்த மாதத்தோடு கடையின் வாடகை ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்க வேண்டாம் என்பது அண்ணன் எடுத்த முடிவு. அதற்குக் காரணமும் காட்டினார். மூன்று கடைகளின் விற்பனையையும் மருமகள் கம்ப்யூட்டரில் ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்த்திருந்தாள். அதிலிருந்து வந்த முதல் அறிக்கையில் ஆஸ்பத்திரி கடை எழுந்து நிற்கக்கூடத் தெம்பில்லாமல் கடைசியில் கிடந்தது.

இன்று நான்கு மணிக்குப் பெரிய கடை மாடியில் எல்லோரும் உட்கார்ந்து இரண்டு விஷயங்களை முடிவு செய்ய வேண்டும். ஒன்று, அத்தையின் கடையை மூடுவது. இன்னொன்று, அண்ணனே வரைந்து வடிவமைத்து, இதுவரை கொஞ்சமாக விற்றுவந்த 'ராஜா' என்கிற கறுப்பு ஷூவை மூன்று கடைகளுக்கும் சேர்த்து, வரும் திங்கட்கிழமையிலிருந்து பெரிய அளவில் தயாரிப்பது. அதற்கான தோல் பட்டறையில் வந்து இறங்கிவிட்டது.

'நான் எதுக்குப் போகணும்? எனக்குக் குழி வெட்டறதை நானே வேடிக்கை பாக்கணுமா?' என்று நினைத்தபடி அத்தை அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போது ஒருவர் நொண்டிக்கொண்டே உள்ளே வந்தார். குதிகாலில் பிளாஸ்திரி. கையில் பெரிய கடையின் பை.

அத்தை பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "கடிச்சிடுச்சா?"

"ஆமாங்க. ரெண்டு நாள்தான் போட்டேன். வாங்கின கடையில திருப்பிக் கேட்டா, 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது'ங்கற போர்டைப் படிக்கச் சொல்றாங்க."

"படிச்சா கால் வலி போயிடுமா? உட்காருங்க." உள்ளேயிருந்து அகலமான ஒரு ஜோடியை எடுத்துத் தரையில் வைத்தாள். "இதைப் போட்டு அந்த பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்துட்டு வாங்க. பிடிச்சிருந்தா எடுத்துக்கங்க."

அவர் நடந்து பார்த்தார். திரும்பி வரும்போது நொண்டல் குறைந்திருந்தது. அத்தை பழைய பில்லை வாங்கி, அதிலிருந்த எண்ணை ஒன்றுவிடாமல் கம்ப்யூட்டரில் தட்டினாள். பொருளின் பெயர் என்ற இடத்தில் 'கடிநாய்' என்று அடித்தாள். திரும்ப வந்தது ஒன்று. அவள் கடை விற்பனையில் ஒன்று குறைந்தது.

"அத்தை, அதுதான் கடிநாயா?"

மருமகள் வாசலில் நின்றிருந்தாள். தோளில் லேப்டாப் பை. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

"வாம்மா. என் கடைக்குச் சாவு மணி அடிச்ச மிஷினை என் கடைக்கே தூக்கிட்டு வந்துட்டியா?"

"திட்டுங்க. ஆனா திட்டிக்கிட்டே கொஞ்சம் தள்ளி உட்காருங்க. எனக்கு இடம் வேணும்."

அத்தைக்குச் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளாமல் ஸ்டூலை நகர்த்தினாள்.

மருமகள் லேப்டாப்பைத் திறந்தாள். "அத்தை, உங்க பில்லுல 'மாமியார்'னு ஒரு செருப்பு இருக்கே, அது என்ன?"

"நடந்தா சத்தம் போடும்."

"'டாக்டரம்மா வெள்ளை'?"

"தெரியலையா? ஆஸ்பத்திரி டாக்டரம்மாங்க எல்லாரும் வாங்கற வெள்ளைச் செருப்பு."

"இதே வெள்ளைச் செருப்புக்குப் பெரிய கடையில 'அன்னம்'னு பேரு. ஸ்டேஷன் கடையில வெறும் நம்பர். பட்டறையிலேர்ந்து கிளம்பறப்போ ஒரே செருப்பு. மூணு கடைக்குள்ள போனதும் மூணு பேரு. நான் எல்லாக் கணக்கையும் கம்ப்யூட்டர்ல ஒரே கிடங்குல கொட்டிட்டேன். ஆனா ஒரே பாஷை பேச வைக்கலை. அதனால கிடங்கு அதை மூணு வேற வேற பொருள்னு நினைச்சுக்கிச்சு."

"குருடர் யானை பார்த்த கதை மாதிரியா?"

"அதேதான். ஒருத்தர் காலைப் பிடிச்சுக்கிட்டு தூண்ங்கறார், ஒருத்தர் காதைப் பிடிச்சுக்கிட்டு முறம்ங்கறார். முழு யானையையும் யாரும் பாக்கலை. போன வாரம் மாமாகிட்ட நான் குடுத்த அறிக்கைகூட வாலைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னதுதான்." அவள் குரல் இறங்கியது. "எனக்கு ஒரு சந்தேகம். அதான் வந்தேன். ஒவ்வொரு பேரா நான் கேக்கறேன், நீங்க சொல்லுங்க."

மதியம் வரை அது நடந்தது. வாடிக்கையாளர் வந்தால் அத்தை எழுந்துபோவாள், முடிந்ததும் வந்து உட்காருவாள். 'நர்ஸ் நீலம்', 'மழைக்கு ஆகாது', 'வாய் பெரிசு' என்று ஒவ்வொன்றாகத் தன் உண்மைப் பெயரோடு போய்ச் சேர்ந்தது. கடைசியாக மருமகள் எதையோ தட்டிவிட்டு, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, பேச்சைக் காணோம்?"

"அத்தை, உங்க கடையில திரும்பி வர்ற செருப்புல முக்காவாசி நீங்க வித்ததே இல்லை. பெரிய கடையும் ஸ்டேஷன் கடையும் வித்தது. பழைய பில் நம்பரை நீங்க விடாம அடிச்சதால இப்பத் தெரியுது. விக்கறப்போ அவங்க கணக்குல ஏறுது. திரும்பி வர்றப்போ உங்க கணக்குல இறங்குது."

அத்தை ஸ்டூலைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

"அது மட்டுமில்ல. உங்ககிட்ட மாத்திக்கிட்டுப் போனவங்க போன் நம்பரை வச்சுப் பார்த்தேன். பாதிப் பேருக்கு மேல நம்ம மூணு கடையில ஏதாவது ஒண்ணுக்குத் திரும்ப வந்து வாங்கியிருக்காங்க. பெரும்பாலும் பெரிய கடையில."

"அதாவது, நான் இங்க சமாதானம் பண்ணி அனுப்பற ஆளு அங்க போய் வாங்கறான்."

"ஆமா."

அத்தையின் கண் கலங்கிவிட்டது. கலங்கியதை மறைக்க, "பாத்தியா! நான் சொன்னேன்ல!" என்று சத்தமாகச் சொன்னாள். உண்மையில் அவள் யாரிடமும் எதுவும் சொன்னதில்லை. தன் கடை ஓடவில்லை என்றுதான் அவளே நம்பியிருந்தாள். அந்த நம்பிக்கையோடுதான் சண்டை போட்டிருந்தாள்.

"இருங்க, உங்களுக்கும் ஒண்ணு இருக்கு. கண்ணாடி அலமாரியில உயரக் குதிகால் செருப்பா அடுக்கி வச்சிருக்கீங்களே, அது போகவே இல்லை. மத்த ரெண்டு கடையில போகுது."

"அது என் கடைக்கு அழகு."

"அழகுதான். ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க யாரும் குதிகால் உயரமாப் போட்டுக்கிட்டு வர்றதில்லையே, அத்தை."

அத்தை அலமாரியைப் பார்த்தாள். சிவப்பும் பொன்னிறமுமாக எவ்வளவு ஆசையாக அடுக்கியவை. "சரி, கொண்டுபோய் ஸ்டேஷன்ல குடு" என்றாள், பெண்ணைக் கட்டிக் கொடுப்பதுபோல.

மருமகள் லேப்டாப்பை மூடவில்லை. இன்னும் ஏதோ பாக்கி இருந்தது. அத்தை அவள் முகத்தைப் பார்த்தாள். "சொல்லு. மென்னு முழுங்காதே."

"கடிநாய், அத்தை. ஸ்டேஷன் கடையில அதுக்கு முப்பத்திரண்டுன்னு நம்பர். மூணு கடையிலயும் சேர்த்துத் திரும்பி வந்ததுல அதுதான் முதல் இடம். பக்கத்துலகூட வேற எதுவும் இல்லை."

"பெரிய கடையில அதுக்கு என்ன பேரு?"

மருமகள் தயங்கினாள். "ராஜா."

அத்தைக்குத் தெரியாததில்லை; அவள் வாயால் வரட்டும் என்றுதான் கேட்டாள். பில் எண்களைத் தட்டும்போதெல்லாம் அண்ணனின் ஷூ என்று தெரிந்தேதான் அந்தப் பெயரை வைத்திருந்தாள், உள்ளூர ஒரு குறும்போடு. ஆனால் தன் கடைக்கு வருவது மட்டும்தான் அவள் கண்ணில் பட்டது. எங்கோ நாலு கால் கடித்திருக்கும் என்று நினைத்திருந்தாள். இத்தனை கால்கள் என்று நினைக்கவில்லை.

"அதைத்தானே திங்கக்கிழமையிலேர்ந்து மலையாப் போடப்போறாங்க?" என்றாள்.

"நான் எப்படி அத்தை மாமாகிட்டப் போய்ச் சொல்வேன்? போன வாரம் கடையை மூடற மாதிரி அறிக்கை குடுத்ததும் நான்தான். இன்னிக்கு மூடாதீங்கன்னு சொல்லி, அதோட உங்க ராஜா காலைக் கடிக்குதுன்னும் சொன்னா? அத்தைக்குப் பரிஞ்சுக்கிட்டு வந்துட்டான்னுதான் நினைப்பார்."

அத்தை எழுந்து போய் வாசலில் நின்றாள். பஸ் ஒன்று வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போனது.

நான்கு மணிக்கு எல்லோரும் இருப்பார்கள். தம்பி, அண்ணி, அண்ணன் மகன் எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று, 'என் கடையை மூடறதுக்கு முன்னாடி உன் ராஜா எத்தனை காலைக் கடிச்சிருக்குன்னு பாரு' என்று சொன்னால் எப்படி இருக்கும்! நினைக்கவே இனித்தது. சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்த அவமானத்துக்கு வட்டியும் முதலுமாகத் தீர்த்துவிடலாம்.

ஆனால் அந்த ஷூவை வரைந்த அன்று அண்ணன் தாளைத் தூக்கிக்கொண்டு முதலில் ஓடி வந்தது இந்தக் கடைக்குத்தான். "பாப்பா, எப்படி இருக்கு பாரு" என்று அவர் கேட்டபோது முகம் எப்படி இருந்தது என்பதும் அவளுக்குத் தெரியும். அந்த முகத்தை நாலு பேர் நடுவில் வாட வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது சும்மாவா?

"நாலு மணி வரைக்கும் எதுக்குக் காத்துக்கிட்டு இருக்கணும்?" என்றாள் மருமகளிடம். "மிஷினை எடு. இப்பவே போவோம். அண்ணன் தனியா இருக்கும்போது கேக்கட்டும்."

*

பெரிய கடை மாடியில் அண்ணன் தோல் மாதிரிகளை மேஜையில் பரப்பி, ஒவ்வொன்றாக மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை படியேறி வருவாள் என்று எதிர்பார்க்கவில்லை. நாற்காலியைக் காட்டினார். இருவரும் போன வாரத்தைப் பற்றிப் பேசவில்லை.

மருமகள் முதலில் கடையைப் பற்றிச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே வந்தார். நெற்றி சுருங்கியது.

"போன வாரம் உன் மிஷின் ஒண்ணு சொல்லிச்சு. இந்த வாரம் ஒண்ணு சொல்லுது. அடுத்த வாரம் என்ன சொல்லும்? அது சொல்ற பக்கமெல்லாம் நான் தலையாட்டணுமா?"

"மிஷின் மாறலை, மாமா. போன வாரம் அதுக்குக் கடிநாய் யாருன்னு தெரியாது."

"எது யாரு?"

மருமகள் அத்தையைப் பார்த்தாள். அத்தை தொண்டையைச் செருமிக்கொண்டாள். "அண்ணா, கோபப்படாதே. அது நான் ஒரு ஷூவுக்கு வச்ச பேரு."

"எந்த ஷூவுக்கு?"

அத்தை பதில் சொல்லாமல், மேஜைமேல் அழகுக்காக வைத்திருந்த ஒரு ஜோடியைப் பார்த்தாள். கறுப்பு. பளபளப்பு. கூர் மழுங்கிய முன்பக்கம். அண்ணனும் அதைப் பார்த்தார்.

"என் ராஜாவையா நாய்ங்கறே?"

"நாய்னு மட்டும் சொல்லலை, அண்ணா. கடிக்கற நாய்."

மருமகளுக்கு மாடியிலிருந்து குதித்துவிடலாம் போலிருந்தது. அண்ணன் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். கீழே கடையில் யாரோ சைஸ் கேட்கும் குரல் கேட்டது. அவர் திரும்பி வந்து, திரையைத் தன் பக்கம் திருப்பச் சொன்னார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். மூன்று பெயர்களையும் படித்தார். அவற்றுக்கு எதிரே திரும்பி வந்தவற்றைப் படித்தார். மறுபடி மேலிருந்து படித்தார்.

அத்தை எதிர்பார்த்த கத்தல் வரவில்லை.

"எந்த சைஸ்?" என்றார்.

மருமகள் விழித்தாள். "மாமா?"

"திரும்பி வந்ததெல்லாம் எந்த சைஸ்? எல்லா சைஸும் கடிக்குதா, குறிப்பிட்ட சைஸ் மட்டுமா? அதை உன் கிடங்கு சொல்லுமா?"

அந்தக் கேள்வி மருமகளுக்குத் தோன்றவே இல்லை. அவசரமாகத் தட்டினாள். பதில் வந்ததும் அவள் முகம் மாறியது. "ஒன்பதும் பத்தும்தான், மாமா! எட்டு வரைக்கும் ஒண்ணோ ரெண்டோதான் வந்திருக்கு."

அண்ணன் ராஜாவில் ஒன்றைக் கையில் எடுத்து, கட்டைவிரலை உள்ளே விட்டுத் தடவினார். நெடுநேரம் தடவினார்.

"பெரிய சைஸுக்கு மர அச்சு செய்யறப்போ நீளத்தை மட்டும்தான் கூட்டினோம்," என்றார் மெதுவாக. "அகலத்தை அப்படியே விட்டுட்டோம். கால் நீளமா வளர்ந்தா அகலமாகவும் வளரும்ல. நான் போட்டுப் பார்த்தது எட்டு. எனக்குக் கடிக்கலை. அதனால யாருக்கும் கடிக்காதுன்னு நினைச்சுட்டேன்."

போனை எடுத்துப் பட்டறையில் இருந்த மகனைக் கூப்பிட்டார். "திங்கக்கிழமை எட்டாம் சைஸ் வரைக்கும் மட்டும் வெட்டு. ஒன்பது பத்துக்குக் கத்தரியே வைக்காதே. அச்சை மாத்தணும். ஏன்னு அப்புறம் சொல்றேன்." வைத்துவிட்டு, மருமகளைப் பார்த்துத் தலையசைத்தார். பாராட்டு என்றால் அவரிடம் அவ்வளவுதான். மருமகளுக்கு அது போதுமாக இருந்தது. லேப்டாப்பின் மூலையை விரலால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே மூணு கடையிலயும் ஒரே பேருதான்," என்றார் அண்ணன். "பேரு பட்டறையிலேயே வச்சு அனுப்பணும். திரும்பி வர்றது எந்தக் கடை வித்ததோ அந்தக் கடைக் கணக்குல இறங்கணும். கீழே அந்த போர்டையும் கழட்டணும்."

"எந்த போர்டு?" என்றாள் அத்தை, தெரியாதவள் போல.

"தெரியாத மாதிரி கேக்காதே, பாப்பா."

பிறகு கொஞ்ச நேரம் தோல் மாதிரிகளை அடுக்கினார். அடுக்கியதையே கலைத்து அடுக்கினார். "உன் கடை ஒப்பந்தத்தைப் புதுப்பிச்சுக்கலாம்" என்று சொன்னபோது, மழை வரும் போலிருக்கு என்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னார்.

"யோசிச்சுச் சொல்றேன்," என்றாள் அத்தை.

அண்ணன் நிமிர்ந்தார். அத்தை முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை. முதலில் சிரித்தது அண்ணன்தான். அந்தச் சிரிப்பில் போன வாரத்துச் சாப்பாடு கொஞ்சம் செரித்தது.

"இப்பவே சொல்லிடலாம்," என்று அவர் கட்டட உரிமையாளரை அழைத்தார். இருவரும் கேட்கட்டும் என்று போனை மேஜைமேல் வைத்து, சத்தத்தைக் கூட்டினார்.

"ஆஸ்பத்திரி கடை விஷயமாத்தான் பேசறேன். காலி பண்றதா சொல்லியிருந்தேன்ல. பண்ணலை. தங்கச்சியே தொடர்ந்து நடத்துவா. பழைய மாதிரியே எழுதிக்கலாம்."

மறுமுனையில் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"என்னங்க, இப்ப வந்து சொல்றீங்க? அது நேத்தே முடிஞ்சு போச்சே."

"முடிஞ்சுதா? யாருக்குக் குடுத்தீங்க?"

"யாருக்கா? உங்க தம்பி வந்தாரே. அவர் பேருலதான் எழுதியிருக்கு, உங்க கம்பெனி பேருல இல்லை. வீட்டுல எல்லாரும் கலந்து பேசித்தான் வந்திருக்கேன்னு சொன்னார். தனியாக் கடை போடப்போறதாவும் சொன்னார். உங்களுக்குத் தெரியாதா?"

அண்ணன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். வைக்கத் தோன்றவில்லை. அத்தைதான் எட்டி அணைத்தாள்.

தட்டிலிருந்து தலை தூக்காத தம்பி. அத்தை கண்ணை மூடித் திறந்தாள். அவனுக்குக் கடை வேண்டுமென்றால் கேட்டிருக்கலாமே? கேட்டால் கிடைக்காது என்று நினைக்கும்படி நாங்கள் எப்போது நடந்துகொண்டோம்?

"வரட்டும் அவன்," என்றார் அண்ணன். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"அண்ணா, எடுத்த எடுப்புல கத்தாதே. யானையோட வாலை மட்டும் பிடிச்சுச் சொன்னதை நம்பி என் கடையை மூடப் பாத்தோம். இவன் விஷயத்துலயாவது முழுசாக் கேட்போம்."

படியில் காலடிச் சத்தம் கேட்டது. சொன்ன நேரத்துக்கு முன்னதாகவே வந்துவிட்டான் தம்பி. வியர்த்திருந்தான். வாசலில் நின்று அண்ணனைப் பார்த்தான், மருமகளைப் பார்த்தான், கடைசியில் அக்காவைப் பார்த்தான்.

"என்ன, எல்லாரும் என்னையே பாக்கறீங்க?"

அத்தை தன் பக்கத்து நாற்காலியில் கிடந்த தோல் மாதிரிகளை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"உட்காருடா," என்றாள். "முதல்ல நீ சொல்லு."